கைக்கும் தம்ளருக்கும் நடுவில்

பென்சிலை நான் எப்போதும் கத்தியால்தான் சீவுவேன். ஷார்ப்னரில் போட்டுத் திருகினால் கூர் குட்டையாக வரும், நாலு கோடு இழுப்பதற்குள் மழுங்கிப்போகும். கத்தியால் சீவினால் கரிமுனை நீளமாக வெளியே நிற்கும். சாய்த்துப் பிடித்தால் நிழல், நிமிர்த்திப் பிடித்தால் கோடு. நீங்கள் எழுதுவதற்காகக் கையில் வைத்திருக்கிற பென்சிலைப் பார்த்ததும் எனக்கு அதுதான் சொல்லத் தோன்றியது, இன்ஸ்பெக்டரம்மா. அதன் பின்பக்கத்தை யாரோ கடித்திருக்கிறார்கள். பல் பதிந்திருக்கிறது, எச்சில் காய்ந்த பளபளப்பும் தெரிகிறது. அதை என்னிடம் நீட்டாதீர்கள். நான் சொல்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் கையெழுத்து வேண்டுமானால் என் பையில் என் பென்சில் இருக்கிறது.

வக்கீல் வரும்வரை காத்திருக்கலாம் என்றீர்கள். வேண்டாம். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. இருந்ததையெல்லாம் வரைந்து, ஆணி அடித்து, ஊரார் பார்க்க மாட்டியாயிற்றே.

நான் பெண்கள் உடுப்பு தைக்கும் கடை வைத்திருந்தவள். தையல் மற்றவர்கள் செய்வார்கள். அளவு எடுப்பது மட்டும் நான். தோள், மார்பு, இடுப்பு, கைக்குழி. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் அக்குள் வேர்வையை மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்திருக்கிறேன். அழகாக உடுத்திக்கொண்டு கடைக்கு வருவார்கள். மேலாடையைக் கழற்றினால் பவுடரும் வேர்வையும் கலந்து மடிப்புகளில் திரண்டு நிற்கும். அளவு நாடாவை மாட்டிவைக்குமுன் டெட்டால் போட்டுத் துடைப்பேன். கடைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் லாரி கம்பெனியில் புக்கிங் கிளார்க். வேலையில் நாள் முழுக்கப் போனில் கத்துவார். வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல் இறங்காது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்.

"என்ன அளவுக்காரி, இன்னைக்கு எத்தனை இடுப்பு?"

கல்யாணமான புதிதில் சொன்னதுதான். கடையை மூடின பிறகும் சொன்னார். தானே சொல்லி, தானே சிரித்து, இருமி, அந்த இருமலோடு சாப்பிட உட்காருவார். வாயைத் திறந்து மெல்லுகிறவர். உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டே இருக்கும், அதோடு பேசுவார். நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிடப் பழகிக்கொண்டேன். நல்ல மனுஷன்தான். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். காலையில் வந்து குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டுவிட்டு மாலையில் போக ஒரு பெண்ணை வைத்தோம். உண்மையைச் சொல்வதானால், அந்தக் குரல் நின்றதும் வீட்டை யாரோ பெருக்கித் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஓவிய வகுப்புக்குப் போனது அதற்குப் பிறகுதான். நாத்தனார்தான் சொன்னாள். அவர் தங்கை, வெளியூரில் இருக்கிறவள். "நீங்களும் எந்நேரமும் நோயாளி முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி அண்ணி? அதான் பாத்துக்க ஆள் இருக்கே. எங்கயாவது போயிட்டு வாங்க." போனேன். அதை அவளிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கிடங்கு ஒன்றின் மாடி. வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. முதல் நிலையில் பெட்டி, குடுவை, தம்ளர் என்று உயிரில்லாததை வரையச் சொன்னார்கள். தம்ளரில் நான் பேர் வாங்கினேன். கண்ணாடி வழியாகத் தண்ணீர் தெரிவதும், தண்ணீர் மட்டத்தில் ஒரு வெள்ளைக் கீற்று மின்னுவதும் மற்றவர்களுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரே அதை எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். இரண்டாம் நிலை ஆள் வைத்து வரைவது.

ஆள் என்றால் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். எங்களுக்கு அவர் டிரைவர்தான், வேறு பேர் தெரியாது. அரைக்கச்சை மட்டும் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். தொங்குகிற தொப்பை, நரைத்த மார்முடி, காலில் சுருண்ட நரம்பு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் மாஸ்டர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்ன வரையறீங்க, அம்மா?"

"கை."

"கைன்னு யாரு சொன்னா?"

"பாத்தா தெரியுதே."

"அதுதாம்மா தொல்லை. கைன்னு பேர் வெச்ச உடனே உங்க மனசுல இருக்குற கையை வரைஞ்சிடறீங்க. அஞ்சு விரல், அஞ்சு நகம், குழந்தை வரையற மாதிரி. பேரை மறந்துடுங்க. அது ஒரு வடிவம். இங்க வளையுது, இங்க முட்டுது, இங்க இருட்டு. அவ்வளவுதான். என்னதுன்னு கேக்காதீங்க, எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க."

அந்த நிமிஷம் என் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. தொப்பை என்ற பேரை மறந்தேன். அங்கே ஒரு நீண்ட வளைவும் அதன் அடியில் ஒரு கருநிழலும்தான் இருந்தன. குமட்டல் நின்றுவிட்டது. இத்தனை வருஷம் நாடாவைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கினவளுக்கு, மூச்சை விட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பேர் வைப்பதால்தான் அருவருப்பு. பேரை எடுத்துவிட்டால் எல்லாம் சுத்தம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆள் ஒரே நிலையில் கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு மாஸ்டர் மணி அடிப்பார். இறங்குமுன் பாதத்தைச் சுற்றியும், கை ஊன்றின இடத்திலும் காகித டேப்பைக் கிழித்து ஒட்டி அடையாளம் வைப்பார்கள். திரும்பி வந்ததும் அதே இடத்தில் பொருந்தி நிற்கவேண்டுமே. மணி அடித்ததும் டிரைவர் துண்டைப் போர்த்திக்கொண்டு முதலில் கேட்பது தண்ணீர்.

"பஸ் ஓட்டுனப்பகூட எனக்கு இப்படித் தாகம் எடுத்ததில்ல. சும்மா இருக்குறதுக்கு இவ்வளவு தண்ணியா?" என்று ஒரு பாட்டிலைக் காலி செய்வார். "உங்களுக்கு என்னங்கம்மா, கோணலா வந்தா அழிச்சிடுவீங்க. எனக்குக் கோணிக்கிட்டா வைத்தியருக்குல்ல போவணும்." எல்லோரும் சிரிப்பார்கள். மோவாயில் தண்ணீர் வழியும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மற்ற மாணவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒருத்தி முதலிலேயே கண்ணையும் இமை முடியையும் வரைந்துவிட்டு, உடம்புக்குக் காகிதம் போதவில்லை என்பாள். இன்னொருவனுக்குத் 'தேய்ப்பான்' என்று பேர் வைத்திருந்தேன். கோடு சரியாக வராத இடத்தையெல்லாம் எச்சில் தொட்ட விரலால் தேய்த்து மழுப்புவான். பொய்யிலேயே அழுக்கான பொய் அது. நான் ஒருநாளும் தேய்த்ததில்லை.

ஆனால் என் ஆட்களிலும் ஒரு குறை இருந்தது.

"அளவெல்லாம் கச்சிதம்மா," என்றார் மாஸ்டர். "ஆனா துணிக்கடை பொம்மை மாதிரி நிக்கிறாங்க. எடை எங்க இறங்குதுன்னு பாக்கலை நீங்க. எந்த இடுப்பு தூக்கியிருக்கு, எந்தத் தோள் சாஞ்சிருக்கு? எலும்பு மேல வந்து நிக்கிற இடங்களைப் பிடிங்க. கழுத்துக்குக் கீழ காறையெலும்பு, இடுப்பு முனை, முட்டி, மணிக்கட்டு. சதை பொய் சொல்லும், எலும்பு சொல்லாது."

"இந்த டிரைவர்கிட்ட எலும்பை எங்க தேட?" என்றேன்.

சிரித்தார். "வாரத்துல ஒரு நாள் பாத்தா பத்தாது. அதே உடம்பை தினமும் பாக்கணும். அப்பதான் மூணாம் நிலைக்கு வருவீங்க. கண்காட்சியில அவங்க படம்தான் மாட்டுவோம். வீட்டுல யாராவது உக்காருவாங்களா?"

"உக்கார மாட்டாரு. படுத்திருப்பாரு," என்றேன்.

வகுப்பே சிரித்தது. என் பேச்சுக்கு நாலு பேர் சிரித்து நான் கேட்டதே அன்றுதான். கண்காட்சியில் என் படம் தொங்கவேண்டும் என்று முடிவு செய்ததும் அன்றுதான். அதற்குமுன் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அளவெடுத்தவளின் பேரை யாரும் உடுப்பில் போட்டுக்கொள்வதில்லையே.

மறுநாள் நாற்காலியை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போட்டேன். பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அவரை அளந்தேன். அவர் என்னையே பார்த்தார். பல வருஷத்துக்குப் பிறகு நான் அவரை நேராகப் பார்த்தது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறேன். வாயின் இடது ஓரம் மேலே போயிற்று. பேச்சு இருந்திருந்தால் அளவுக்காரி என்றிருப்பார்.

ஆனால் அசைந்துகொண்டே இருந்தார். அதைவிட, அந்தப் பெண் அசைத்துக்கொண்டே இருந்தாள். நான் இடுப்பு முனையைப் பிடித்திருப்பேன், அவள் வந்து ஒருக்களித்துப் போட்டுவிடுவாள்.

"கொஞ்சம் இரும்மா. இப்பதான் இடம் கிடைச்சிருக்கு."

"புரட்டணும்மா. இல்லைன்னா முதுகுல புண்ணு வெச்சிடும்."

"மணி அடிக்கட்டும்."

"என்ன மணி?"

அவளுக்கு எப்படி விளக்குவது? நான் டேப்பைக் கிழித்து விரிப்பில் ஒட்டினேன். தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு இரண்டு, குதிகாலுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று. புரட்டினால் திரும்ப இங்கேயே வை என்றேன். அவள் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, இது ஆளுங்க. கட்டில் மேல வெச்ச சாமான் இல்ல," என்றாள். பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை.

இன்னொரு தொந்தரவும் அவளால்தான். அவருடைய இடது கை சில நேரம் மேலே எழும். நாலு விரலும் மடங்கி, கட்டைவிரல் மட்டும் வெளியே நீண்டு, மணிக்கட்டு முகத்தை நோக்கிச் சாயும். முன்கையில் ஒரு நரம்பு முழங்கை வரை கம்பிபோல் இழுபடும். பிரமாதமான நிலை. நான் காகிதத்தைத் திருப்பி வைப்பதற்குள் அவள் சமையலறையிலிருந்து ஓடிவந்து தலையைத் தூக்கித் தம்ளரை வாயில் வைத்துவிடுவாள். கை பொத்தென்று இறங்கிவிடும். பாதி தண்ணீர் கழுத்தில் வழியும். அவர் குடிக்கும் சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொள்வேன். அதன் பிறகு அந்தக் கையில் வரைவதற்கு ஒன்றும் இருக்காது. செத்த மீன்மாதிரி கிடக்கும்.

ஆகவே அவளை நிறுத்திவிட்டேன். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போகும்போது அவர் காலைத் தொட்டுவிட்டு அழுதாள். அழுத கையாலேயே கதவைப் பிடித்தாள். அவள் போனதும் கைப்பிடியைத் துடைத்தேன்.

அதன் பிறகு வேலை நன்றாக நடந்தது. வெளிச்சம் வந்ததும் உட்காருவேன், வெளிச்சம் போனதும் எழுந்திருப்பேன். எழுந்ததும் மாத்திரையோடு அரைத் தம்ளர் தண்ணீரும், அரைக் கிண்ணம் சூப்பும் கொடுப்பேன். அதற்கு மேல் கொடுத்தால் வயிறு உப்பும், மூச்சின் ஏற்ற இறக்கம் மாறும், விளிம்புக் கோடு ஓரிடத்தில் நிற்காது. விரிப்பை மாற்ற முடியவில்லை, டேப் போய்விடுமே. நாற்றம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பவுடர் தட்டின கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டேன். நாற்றம் படத்தில் வராது. வரைவதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சில வாரங்களில் காறையெலும்பு மேலே வந்தது. பிறகு இடுப்பு முனை. மாஸ்டர் சொன்ன இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக, யாரோ உள்ளேயிருந்து தள்ளிக்கொடுப்பதுபோல் வெளியே வந்தன. இடுப்புக்குக் கீழே தோல் கறுத்தது. கறுப்பிலும் எத்தனை வகை என்று அப்போதுதான் பார்த்தேன். அதற்கென்று நான் பேர் எதுவும் வைக்கவில்லை.

நாத்தனார் போன் பண்ணுவாள்.

"அண்ணன் எப்படி இருக்காரு, அண்ணி?"

"அசையாம இருக்காரு. நல்லா ஒத்துழைக்கிறாரு."

"சாப்பிடறாரா?"

"முன்ன மாதிரி சத்தம் போட்டுச் சாப்பிடறதில்ல."

"அந்தப் பொண்ணு ஒழுங்கா வருதா?"

"இப்ப நானேதான் பாக்கறேன். நாள் முழுக்க அவரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"கோயில் கட்டணும் அண்ணி உங்களுக்கு. போனை அண்ணன் காதுல வைங்க."

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கவனியுங்கள். போனைக் காதில் வைத்தேன். அவள் என்னவோ சின்ன வயதுக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. படுத்திருக்கிறவரின் கண்ணீர் கீழே வராது, பக்கவாட்டில்தான் போகும். கேள்விப்பட்டு வரைகிறவர்கள் அதைத் தப்பாகத்தான் வரைவார்கள்.

படங்களை மாஸ்டரிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இப்பதாம்மா எடை இறங்குது," என்றார். "கட்டில் அவரைத் தாங்குதுன்னு தெரியுது. யாரு?"

"சொந்தக்காரர்."

"ரொம்பப் பொறுமைசாலி போல."

"வேற வழியில்லாம இருக்காரு."

அதற்கும் சிரித்தார். டேப்பையும் நான் வரைந்திருந்தேன், இருந்ததை வரையாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. எல்லாப் படத்திலும் அதே டேப், அதே இடம். அவர் அதையும் பார்த்தார். "ஒழுங்கா மார்க் பண்ணியிருக்கீங்க," என்று பாராட்டினார். பிறகு அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

"அடுத்து கையை எடுங்க. நம்மளை நோக்கி நீளற கை. அது குட்டையாத்தான் தெரியும், மனசு நீட்டச் சொல்லும், கேக்காதீங்க. ஆனா சும்மா நீட்டின கையில உசிர் இருக்காது. எதையாவது எட்டப் பாக்கணும். எட்டாத வரைக்கும்தான் அதுல முறுக்கு இருக்கும். கைக்கும் பொருளுக்கும் நடுவுல ஒரு காலி இடம் இருக்கு பாருங்க, அதை வரைங்க. அது சரியா வந்தா கை தானா வந்துடும்."

அதைத்தான் செய்தேன். படுக்கையருகே ஒரு முக்காலி, அதன் மேல் கண்ணாடித் தம்ளர். முதல் நிலையில் கற்றதும் இரண்டாம் நிலையில் கற்றதும் ஒரே படத்தில் வந்தன.

அவர் போனது ஒரு முற்பகலில். கை முக்காலியின் விளிம்பில் சாய்ந்து, கட்டைவிரல் தம்ளரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. அன்றுதான் கோடு நகரவே இல்லை. மூச்சின் தொந்தரவும் இல்லை. படத்தை முடித்தேன். அதற்குப் பிறகு டாக்டருக்குப் போன் பண்ணினேன். அவர் வருவதற்குள் குளிப்பாட்டி, விரிப்பை மாற்றிச் சுத்தமான சட்டை போட்டுவிட்டேன். மறைக்கத்தானே என்று கேட்டீர்கள். இல்லை. அந்நிய மனுஷர் வருகிற வீடு அப்படியா இருப்பது? டேப்பைப் பிரிக்கும்போது அதோடு ஒட்டிப்போயிருந்த முழங்கைத் தோலும் கூடவே வந்தது. அதை நான் வரையவில்லை, வெளிச்சம் போய்விட்டது. டாக்டர் வாசலிலிருந்தே முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார். வயசு, பக்கவாதம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை.

நாத்தனார் வந்து விழுந்து அழுதாள். "இப்படி இளைச்சுப்போயிட்டாரே" என்று மார்பைத் தடவினாள். மூக்கு ஒழுகியதை என் தோளில் துடைத்தாள். பொறுத்துக்கொண்டேன். "நீங்க எவ்வளவு பண்ணியிருக்கீங்க" என்றாள். அந்த வார்த்தைக்காகத்தான் அவளைக் கண்காட்சிக்கு அழைத்தேன். அண்ணன் படம் மாட்டியிருக்கிறார்கள், ஊருக்குப் போகுமுன் ஒரு நடை வந்து பார் என்றேன். அது என் தப்புத்தான். வரையத் தெரியாதவர்களைப் படம் பார்க்கக் கூப்பிடக் கூடாது.

மாடி முழுக்க ஆட்கள். ஒரு சுவர் முழுவதும் எனக்கே கொடுத்திருந்தார் மாஸ்டர். வரிசையாக மாட்டியிருந்தது, சதையிலிருந்து எலும்பு வரை. எல்லாரும் அந்தக் கடைசிக் கைப் படங்களின் முன்தான் கூடினார்கள். தேய்ப்பான்கூட, "கட்டைவிரலை எப்படிங்கம்மா இப்படிக் குறுக்கிப் பிடிச்சீங்க?" என்றான். ஒருவர் அதில் ஏதோ ஆன்மிகம் இருக்கிறது என்றார். வானத்தைக் காட்டுகிறாராம்.

நாத்தனார் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு வந்தாள். முதல் படத்தின் முன் நின்று, "அண்ணா" என்று சிரித்தாள். அடுத்தது. அதற்கு அடுத்தது. சிரிப்பு நின்றது. கைப் படத்தின் முன் வந்ததும் அவளுடைய கையே தானாக எழுந்தது. நாலு விரல் மடங்கி, கட்டைவிரல் நீண்டு, வாயை நோக்கிச் சாய்ந்தது.

"அண்ணி," என்றாள். சின்னக் குரலில்தான் சொன்னாள். "அண்ணன் தண்ணி கேக்குறாரு."

அவள் அடுத்த படத்துக்குப் போனாள்.

"இதுலயும் கேக்குறாரு."

அதற்கு அடுத்ததற்குப் போனாள். "இதுலயும்." சுவர் முடியும்வரை போனாள். இத்தனை படித்தவர்கள், இத்தனை நேரம், நிழலையும் குறுக்கத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்தி வந்து அதற்குப் பேர் வைத்துவிட்டாள். பேர் வைத்த பிறகு யாராலும் அதை வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை. நல்ல படங்கள் நாசமாகப் போன நிமிஷம் அது.

டிரைவரும் வந்திருந்தார், சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு. படத்தில் இருந்த டேப்பைக் கிட்டப்போய் விரலால் காட்டினார்.

"எனக்கு மணி அடிச்சீங்க," என்றார் என்னிடம். "இவருக்கு யாரும்மா அடிச்சா?"

மாஸ்டர் வெளியே ஓடினார். மாடிப்படியில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அதே படங்களைத்தானே அவரும் பார்த்தார், நான் பார்த்ததைவிடக் கிட்டத்தில், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. பேரை மற என்று எனக்குச் சொல்லிவிட்டு, இத்தனை பேர் முன்னால் குடலைக் கொட்டுகிறார். படிக்கட்டை யார் கழுவுவது?

மீதி உங்களுக்குத் தெரியும். நாத்தனார் இங்கே வந்து எழுதிக்கொடுத்தாள். நீங்கள் படங்களை அவிழ்த்து எடுத்துவந்து, அதோ அந்த மூலையில் சுருட்டி வைத்திருக்கிறீர்கள். நடுவில் தாள் வைக்காமல் சுருட்டினால் கரி ஒன்றோடொன்று ஒட்டித் தேய்ந்துபோகும். சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

வந்ததிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அவர் தண்ணீர் கேட்கிறார் என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? முதலில் கேட்டபோது, பேரை மறந்துவிட்டேன் என்றேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை, பென்சிலைக் கடித்தீர்கள். பார்த்தேன். ஆக, அந்தப் பல் உங்களுடையதுதான்.

சரி, எழுதுங்கள். தெரியும். அந்தப் பெண் வேலையில் இருந்த நாளிலிருந்தே தெரியும். அந்தச் சைகை யாருக்குத்தான் தெரியாது? பேரை மறப்பது என்றால் தெரியாமல் போவது இல்லை, இன்ஸ்பெக்டரம்மா. தெரிந்துகொண்டே ஒத்திவைப்பது. தம்ளரை முக்காலியில் வைத்ததும் நான்தான். முதலில் கிட்டத்தில் வைத்தேன். அவர் எட்டிவிட்டார், கை தளர்ந்துவிட்டது, படம் போயிற்று. மறுநாள் கொஞ்சம் நகர்த்தினேன். எவ்வளவு நகர்த்தினால் விரல் நுனி தொடும், எவ்வளவு நகர்த்தினால் தொடாது என்று வாழ்நாளெல்லாம் அளவெடுத்தவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? முக்காலியின் காலுக்கும் டேப் ஒட்டினேன். வெளிச்சம் போனதும் கொடுத்தேன் என்றேனே, சில நாள் கொடுக்கவில்லை. அவர் விழுங்கும் சத்தத்தைக் கேட்கவேண்டாமே என்று. கடைசியில் எந்த நாளும் கொடுக்கவில்லை. நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது, மாஸ்டருக்குக்கூட. அவருக்குப் பார்க்கத்தான் தெரியும்.

ஆனால் நாத்தனார் எழுதிக்கொடுத்ததில் ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திருத்திவிடுங்கள். காலித் தம்ளரைக் காட்டி ஏமாற்றினேன் என்று எழுதியிருக்கிறாள். அவ்வளவு கேவலமானவள் இல்லை நான். சுருளைப் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொரு படத்திலும் தண்ணீர் விளிம்பு வரை இருக்கும். தினமும் காலையில் பழையதைக் கொட்டிவிட்டு, தம்ளரைக் கழுவி, புதிதாக ஊற்றி வைப்பேன். தூசி மிதக்கிற தண்ணீரை ஒரு மனுஷர் முன்னால் வைப்பது எனக்கு அருவருப்பு.